கேட்டுப் பெறும் உரிமை

பிறந்த மாநிலம் விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில், பிள்ளை கல்லூரி வாயிலை மிதிக்கும் நாள் பெருநாள்தான். அப்பிள்ளைக்குப் பார்வையோ செவிப்புலனோ குன்றியிருப்பின், மகிழ்ச்சியோடு அச்சமும் கலந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் பெற்ற சான்றிதழ் தில்லியிலும் நாகபுரியிலும் செல்லுமா? செல்லும். முறைப்படி வழங்கிய ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லத்தக்கது என்பது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் தெளிவான விதி. (மாநில அரசுகளின் உதவித்தொகைக்கான இருப்பிட விதிகள் வேறு, அவற்றை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது.) 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடையோர்க்கு, அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 விழுக்காட்டிற்குக் குறையாமல் இடம் ஒதுக்கவும் அச்சட்டம் பணிக்கிறது.

இடம் கிடைத்த பின்னரே உண்மையான வேலை தொடங்குகிறது. பள்ளியில் அன்னை பேசினாள். கல்லூரியில் மாணவரே பேசியாக வேண்டும். ‘எனக்குக் கண் தெரியாது’ என்று மட்டும் சொன்னால் பேராசிரியர் இரங்குவார். என்ன செய்வதென்று அறியார். ‘பலகையில் எழுதுவதை வாய்விட்டும் சொல்லுங்கள், பாடக் குறிப்புகளைப் படமாக எடுத்து அனுப்பாமல் எழுத்துக் கோப்பாகத் தாருங்கள், கணினி எனக்குப் படித்துக் காட்டும்’ என்றால் அவருக்கு வழி புலப்படும். செவிப்புலன் குன்றிய மாணவி, ‘என் முகம் நோக்கிப் பேசுங்கள்’ என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது நன்று. இது இரப்பதன்று, தக்க வசதி செய்து தர மறுப்பதையே பாகுபாடு என்கிறது சட்டம்.

தேர்வில்தான் இடர் மிகுதி. மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத கூடுதல் நேரம் தர வேண்டுமென 2018இல் மத்திய அரசு நெறிமுறை வகுத்தது. எழுதும்போது கை இறுகிவிடும் குறைபாடுடைய ஒருவருக்கு, 40 விழுக்காடு இல்லையென்று சொல்வதை எழுதுபவர் மறுக்கப்பட்டார், அவர் வழக்காடினார். அவ்வுரிமையை அவ்வரம்புக்குள் அடைத்தல் தகாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதிகள் திருத்தப்பட்டு வருவதால் அவ்வாண்டின் தேர்வு அறிவிப்பைப் படித்தல் வேண்டும். எழுதுபவருக்கு நம் பிள்ளையின் உச்சரிப்பு விளங்குகிறதா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு இது சிறு செய்தியன்று.

கல்லூரி செவிசாய்க்காவிடில் அம்மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும், மத்தியப் பல்கலைக்கழகமாயின் தில்லியிலுள்ள முதன்மை ஆணையரிடமும் முறையிடலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது, நீங்கள் கல்லூரிக்குத் தேதியிட்டு எழுதிய மனுவின் நகல்.