சிறகை நம்பலாமா?

ஐரோப்பாவில் பறக்கும் ‘லெப்டிடியா சினாபிஸ்’ என்ற வெள்ளைப் பட்டாம்பூச்சி நெடுங்காலம் ஒரே சிற்றினமாகவே கருதப்பட்டது. இனப்பெருக்க உறுப்புகளை அளந்து பார்த்த பிறகுதான், ‘லெப்டிடியா ரியாலி’ என்ற இன்னொன்றும் அதற்குள் ஒளிந்திருந்தது தெரிந்தது.

ஏன் அந்த உறுப்பு? சிறகின் செதில்கள் உதிரும். நிறம் பருவத்துக்குப் பருவம் மாறும். கைட்டின் என்ற கடினப் பொருளால் ஆன இனப்பெருக்க உறுப்புப் பாகங்களோ, பூச்சி காய்ந்த பிறகும் வடிவம் குலைவதில்லை. இணைசேர்வதில் நடக்கும் போட்டியால் இவை வேகமாகப் பரிணமிக்கின்றன. அதனால் நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களிலும் வேறுபாடு துலங்கும்.

எப்படிப் பார்க்கிறார்கள்? இறந்த பூச்சியின் வயிற்றைத் தனியே எடுத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்குவார்கள். தசையும் கொழுப்பும் கரைய, கைட்டின் கூடு மட்டும் எஞ்சும். நுண்ணோக்கியின் அடியில் மெல்லிய தூரிகையால் செதில்களை நீக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பதிப்பார்கள். ஆணில் பெண்ணைப் பற்றும் மடல்கள், கொக்கி, விந்து செலுத்தும் குழல்; பெண்ணில் விந்துப்பொதியை ஏற்கும் பை, அதன் குழாய் ஆகியவற்றின் வடிவமும் நீளமும் ஒப்பிடப்படும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 2011-இல் டி.என்.ஏ. ஆய்வு, ‘ரியாலி’க்குள்ளிருந்து ‘ஜுவெர்னிகா’ என்ற மூன்றாவது சிற்றினத்தைப் பிரித்துக் காட்டியது. அவ்விரண்டையும் உறுப்பை வைத்துப் பிரித்தறிய முடியாது.