பிறந்த குழந்தைக்கும் கொலஸ்ட்ரால் உண்டு

கொலஸ்ட்ரால் என்றால் நாற்பது வயதுக்கு மேல் வரும் கவலை என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஆனால் பிறக்கும்போதே அது குழந்தையின் ரத்தத்தில் இருக்கிறது. இருந்தே ஆக வேண்டும். செல்களின் சவ்வும் நரம்புகளின் உறையும் பல ஹார்மோன்களும் அதைக் கொண்டுதான் உருவாகின்றன. சிசு தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியைத் தானே தயாரித்துக்கொள்கிறது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாயிடமிருந்தும் பெறுகிறது. தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தால் மொத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 60, 70 மில்லிகிராம் அளவில் இருக்கும். 'கெட்டது' எனப்படும் எல்.டி.எல். 30-ஐ ஒட்டித்தான். பெரியவர்களுக்கு 100-க்குள் இருந்தாலே டாக்டர்கள் திருப்திப்படுகிறார்கள். இவ்வளவு குறைவாகத் தொடங்கும் கணக்கு பிற்காலத்தில் சிலருக்கு மட்டும் ஏன் எகிறுகிறது? சாப்பாடும் பரம்பரையும் காரணம் என்பது தெரிந்ததே. தாய் கர்ப்பத்தைக் கழித்த விதத்துக்கும் அதில் பங்குண்டு என்பதே என் வாதம்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு மருத்துவமனையின் பழைய பிரசவப் பதிவேடுகளில் குழந்தையின் எடையோடு வயிற்றுச் சுற்றளவையும் அளந்து எழுதியிருந்தார்கள். அங்கே பிறந்தவர்களை ஐம்பது வயதில் தேடிப்பிடித்து ரத்தம் எடுத்துப் பார்த்தது ஆய்வாளர் டேவிட் பார்க்கரின் குழு. பிறந்தபோது வயிறு சிறுத்திருந்தவர்களுக்கு எல்.டி.எல். கூடுதலாக இருந்தது, 1993-ல் இதை வெளியிட்டார்கள். சிசுவின் வயிற்றில் பெரிய இடத்தைப் பிடிப்பது கல்லீரல். ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலை வாங்கி அப்புறப்படுத்துவதும் அதுதான். ஊட்டம் போதாதபோது சிசுவின் உடல் மூளையைக் காப்பாற்ற ரத்தத்தை அங்கே திருப்பிவிடுகிறது. கல்லீரலின் வளர்ச்சி பின்தங்குகிறது. அந்தக் குறை ஆயுசுக்கும் தங்கிவிடுகிறது என்றார் பார்க்கர்.

இதை மறுப்பவர்கள் கையில் வலுவான ஆதாரம் இருக்கிறது. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பிறப்பு எடை ஒரு கிலோ கூடினாலும் பிற்காலக் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய 2 மில்லிகிராம்தான் குறைகிறது. இதற்கா இத்தனை பேச்சு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் எடை என்பது கர்ப்பகாலம் முழுவதையும் ஒரே எண்ணில் அடைக்கப் பார்க்கும் முரட்டு அளவுகோல். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தில் கடும் பஞ்சம். அப்போது கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருந்தவர்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் பிறந்தன. முதல் மாதங்களில் பட்டினி கிடந்து பிறகு நன்றாகச் சாப்பிட்டவர்களின் குழந்தைகள் எடை குறையாமல்தான் பிறந்தன. ஐம்பது வயதில் ரத்தக் கொழுப்பு மோசமாக இருந்ததோ இந்த இரண்டாம் பிரிவினருக்கு. பிறந்த அன்று தராசில் நிறுத்தவர்களுக்கு இவர்களிடம் ஒரு குறையும் தெரிந்திருக்காது. நம் நாட்டிலும் இதற்கு இணையான சேதி உண்டு: புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் ஆராய்ந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோதான் இருந்தார்கள், ஆனால் தசை குறைந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பு குறையவில்லை.

அப்படியானால் கர்ப்பிணிகள் எண்ணெய், முட்டையை நிறுத்த வேண்டுமா? வேண்டாம். கர்ப்பத்தில் தாயின் கொலஸ்ட்ரால் 30 முதல் 50 சதவீதம் வரை ஏறுவது இயல்பு; ஹார்மோன் தயாரிக்க நஞ்சுக்கொடிக்கு அது தேவை. மிக அதிகமாக ஏறினால்தான் கவலை. அப்படிப்பட்ட தாய்மாரின் சிசுக்களுடைய பெருநாடியில் கொழுப்புக் கீற்றுகள் இருந்ததை 1990-களில் இத்தாலியின் நேப்பிள்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் கொலஸ்ட்ரால் பரிசோதனை என்பதும் வீண் செலவு. அன்றைய எண்ணை வைத்து நாளைய நோயைச் சொல்லிவிட முடியாது. பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகுந்த குடும்பம் என்றால் மட்டும் குழந்தை கொஞ்சம் வளர்ந்தபின் டாக்டரிடம் சொல்லிப் பார்க்கலாம்.

பணமும் கவனமும் போக வேண்டிய இடம் தாய்தான், அதுவும் ஆரம்ப மாதங்களில். கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாடு 2007-லேயே கொண்டுவந்தது. வயிறு தெரியட்டும் என்று ஐந்தாம் மாதம்வரை காத்திருக்காமல், நாள் தள்ளிப்போனதுமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தசோகை மூன்றையும் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.