சிறுவர் பிறந்தநாளும் சிக்கனமும்

ஐந்து வயதை எட்டும் ஒரு பிள்ளைக்குத் தன் பிறந்தநாள் என்பது யாது? காலையில் தலைமுழுக்கு, புதிய சட்டை, மாலையில் தன்னோடு விளையாடும் தோழர் சிலர் தன் வீட்டுக்கு வருதல், ஏதேனும் ஓர் இனிப்பு, அன்றைக்கு மட்டும் எல்லோரும் தன் பெயரையே சொல்லிக்கொண்டிருத்தல். பிள்ளையின் கணக்கு இவ்வளவோடு முடிந்துவிடும். பெற்றோரின் கணக்கோ மண்டப வாடகையில் தொடங்கி, அடுக்குக் கேக்கு, மேடை அலங்காரம், படப்பிடிப்பு, நூற்றைம்பது பேருக்கு இராச்சாப்பாடு என நீண்டு செல்லும். இவ்விரு கணக்குகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடுதான் பல வீடுகளில் அடகுச் சீட்டாகவும் மாதவட்டியாகவும் பின்னர் வந்து நிற்கின்றது.

குழந்தையின் வளர்ச்சியை ஒட்டிச் சிறு விழா எடுப்பது இலங்கைத் தமிழருக்குப் புதியதன்று. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை, விசயதசமியில் ஏடு தொடக்கல் என ஒவ்வொரு படிக்கும் ஒரு சடங்கு உண்டு. பல்லுக்கொழுக்கட்டைக்கு வேண்டியவை எவை? அரிசிமா, தேங்காய், பயறு, சர்க்கரை. பிள்ளையை இருத்த ஒரு பாய். தலைக்குமேற் பிடிக்க ஒரு வெள்ளைத் துணி. அதன்மேல் கொழுக்கட்டையைச் சொரிய ஒரு மாமி. அதன்பின் ஏடு, எழுதுகோல், நகை முதலியவற்றைப் பரப்பிவைத்துப் பிள்ளை எதனைத் தொடுகின்றதென்று பார்த்துச் சிரிப்பார்கள். வீட்டிலுள்ளவற்றைக் கொண்டே நிறைவேறும் விழா அது. பிறந்தநாளும் முன்னர் அவ்வாறே, பிறந்த நட்சத்திரம் வரும் நாளில் கோயிலில் ஓர் அருச்சனையோடும் வீட்டில் ஒரு பாயாசத்தோடும் அமைந்தது.

மெழுகுதிரி ஏற்றிய கேக்கு மேனாட்டிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஜேர்மனியில் அவ்வழக்கம் இருந்தமைக்குச் சான்றுண்டு. அது வந்ததிற் குறையொன்றுமில்லை. பிள்ளைகள் ஊதி அணைப்பதற்கு விரும்பும் ஒரு சுடர் எந்நாட்டதாயினும் நன்றே. குறையெல்லாம் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த ஆடம்பரத்திலேதான். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையிற் பிறந்தநாள் வாழ்த்து ஒலித்த நாள்களைப் பெரியோர் பலர் நினைவுகூர்வர். அம்மம்மா, அப்பப்பா, மாமா, மாமி, சித்தி, பெரியப்பா என வாழ்த்துவோர் வரிசை வாசிக்கப்படும்போது, வானொலிப் பெட்டியின் முன் குடும்பம் முழுவதும் மூச்சடக்கி நின்றது. தன் பெயர் காற்றில் வந்ததைக் கேட்ட பிள்ளை அன்று முழுவதும் நிலத்தில் நடக்கவில்லை. அதற்கான செலவு ஓர் அஞ்சலட்டை.

நிற்க. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியை மறந்த வீடு இராது. அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. அஃதாவது, முந்திய ஆண்டில் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. விலையேற்றத்தின் வேகம் பின்னர் தணிந்ததெனினும், ஏறிய விலைகளிற் பெரும்பாலானவை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. மலையகத் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளத்தில் 30,000 ரூபாச் செலவென்பது, ஒரு சதமும் உண்ணாமலும் உடுக்காமலும் சேர்த்தால், இருபத்திரண்டு நாளுக்கு மேற்பட்ட உழைப்பாகும். அவ்வுழைப்பு ஒரு மாலைப்பொழுதில் கரையத்தகுமா என்பதைத் தாய் தந்தையர் இருவரும் சேர்ந்திருந்து, அழைப்பு எதுவும் வாயைவிட்டுப் புறப்படுவதற்கு முன்பே, எண்ணிப் பார்த்தல் வேண்டும். அழைப்புப் புறப்பட்டபின் சிக்கனம் பேசுதல் இயலாத காரியம்.

ஏனெனில், செலவை நிச்சயிப்பது பண்டங்களின் விலையினும் வருவோரின் தொகையே. ஆதலின் முதலில் எழுதவேண்டியது விருந்தினர் பட்டியல். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆறு அல்லது எட்டுத் தோழர் போதும். அதற்கு மேற்பட்ட கூட்டத்தில் அவ்வயதுப் பிள்ளை மிரளும், இல்லையேல் அழும். மூன்று வயதுக்கு உட்பட்டதாயின் உடன்பிறந்தாரும் அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவரும் வந்தாலே விழாவாகிவிடும். பட்டியலைப் பிள்ளையிடமே கேட்டு எழுதுவது நன்று. அதில் தந்தையின் அலுவலகத் தலைவர் பெயர் ஒருபோதும் வராது.

“அவர்கள் வீட்டு விழாவுக்கு நாங்கள் போனோமே, அவர்களை எப்படி விடுவது?” என்ற கேள்வி இவ்விடத்தில் எழும். இது புறக்கணிக்கத் தக்க கேள்வியன்று. உறவு பேணுதல் தமிழருக்கு உயிர் போன்றது. எனினும் உறவினரையும் பிள்ளையின் தோழரையும் ஒரே பந்தியில் வைக்கவேண்டுமென்ற விதி இல்லை. வாழ்த்த விரும்பும் பெரியோர் காலையிற் கோயிலுக்கோ வீட்டுக்கோ வந்து, பிள்ளையின் தலையிற் கைவைத்து வாழ்த்தி, பாயாசம் அருந்திச் செல்லலாம். ஒரு சுண்டு சவ்வரிசியும் ஒரு தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் அதற்குப் போதும். மாலைப்பொழுது பிள்ளைகளுக்கு உரியதாக இருக்கட்டும்.

மாலை என்றால் எத்தனை மணி? நான்கு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிப்பது எல்லாவகையாலும் உத்தமம். மதிய உறக்கம் முடிந்து பிள்ளைகள் தெளிவாக இருக்கும் வேளை அது. சாப்பாட்டு வேளையன்று ஆதலின் சோறு போடவேண்டிய கடமை எழுவதில்லை. இருட்டுமுன் எல்லோரும் வீடு சேரலாம். விளக்கும் ஒலிபெருக்கியும் வேண்டா. முடியும் நேரத்தையும் அழைப்பிலேயே சொல்லிவிடுதல் நாகரிகக் குறைவாகாது. வீட்டு முற்றத்து மாமர நிழலைவிடச் சிறந்த மண்டபம் இப்பருவத்தினருக்கு இல்லை. முற்றமில்லாத நகரத்தார் கொழும்புக் காலிமுகத்திடல், யாழ்ப்பாணத்துச் சுப்பிரமணியம் பூங்கா, மட்டக்களப்புக் காந்தி பூங்கா போன்ற பொதுவிடங்களை நாடலாம். தோட்டப் புறங்களிற் பிள்ளைக் காம்பராவிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு பண்டம் பகிர்ந்து நாளை நிறைவேற்றலாம்.

உணவுக்கு வருவோம். சிறு பிள்ளைகள் விழாநாளில் உண்பது மிகக் குறைவு. ஓடுவதும் குடிப்பதுமே அதிகம். ஆகவே ஓர் இனிப்பு, ஓர் உறைப்பில்லாத பண்டம், ஒரு பழம், ஒரு பானம் என்ற நான்கே அமையும். வெண்ணெய், சீனி, கோதுமைமா மூன்றும் 250 கிராம் வீதம் எடுத்து, நான்கைந்து முட்டையும் சிறிது அப்பச்சோடா கலந்த மாப்பொடியும் சேர்த்துச் சுட்டால் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள கேக்குக் கிடைக்கும். அதனை இருபத்துநான்கு துண்டாக்கலாம். வெதுப்படுப்பு இல்லாத வீட்டார் வருந்த வேண்டியதில்லை. ஒரு தட்டில் மோதகங்களைக் கோபுரமாக அடுக்கி, உச்சியில் ஒரு மெழுகுதிரி நட்டால், பிள்ளை அதனையும் அதே ஆவலோடு ஊதும். அரை கிலோ அரிசிமாவும் கால் கிலோ பயறும் எட்டுப் பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் தாராளம். அவித்த மரவள்ளியோ உளுந்து வடையோ இரண்டாவது பண்டமாகலாம். பழத்துக்குக் கதலி வாழைப்பழமோ பப்பாப்பழமோ போதும். எட்டுத் தேசிக்காயில் மூன்று லீற்றர் பானம் கரைக்கலாம். போத்தலில் வரும் நிறப் பானத்தின் விலையில் அது சிறு பங்கே.

வருவோரின் சமய ஒழுக்கத்தை எண்ணிப் பார்ப்பதும் இங்கே சிக்கனத்துக்குத் துணையாகின்றது. வெள்ளிக்கிழமை மச்சம் உண்ணாத சைவப் பிள்ளையும், ஆகுமான உணவையே உண்ணும் முஸ்லிம் பிள்ளையும், தவக்காலத்தில் இறைச்சி விலக்கும் கத்தோலிக்கப் பிள்ளையும் ஒரே பாயிலிருந்து உண்ண வேண்டுமாயின், மரக்கறிப் பண்டமே எல்லோர்க்கும் பொது, விலையும் குறைவு. விலங்கின் எலும்பு, தோல்களிலிருந்து எடுக்கும் ஜெலற்றின் சேர்ந்த களிக்குப் பதிலாக, முஸ்லிம் வீடுகளில் நோன்புக் காலத்திற் காய்ச்சும் கடற்பாசியைத் தேங்காய்ப் பால் விட்டுக் காய்ச்சினால் எவரும் ஐயமின்றி உண்பர். சில குடும்பங்கள் பிறந்தநாள் கொண்டாடுதலையே சமய நோக்கால் விலக்குவதும் உண்டு. அவ்வீட்டார் வராவிடின் அதனைக் குறையாகக் கொள்ளலாகாது.

முழு நிலக்கடலை, கெட்டியான உருண்டை மிட்டாய் ஆகியவற்றை ஐந்து வயதுக்கு உட்பட்டோர் ஓடியாடும் இடத்தில் வைத்தலாகாது, மூச்சுக்குழாயில் அடைபடும். பலூனும் அத்தகையதே. ஊதிய பலூன் அழகு. ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் சிறுவர் வாயிற் போனால் உயிருக்கே ஆபத்து. ஆதலின் ஐந்தாறு பலூன்களை எட்டாத உயரத்திற் கட்டிவிட்டு, ஏனைய இடத்துக்கு மாவிலைத் தோரணமும் பிள்ளைகளே வெட்டி ஒட்டிய நிறக் கடதாசிச் சங்கிலியும் போதுமென அமைதல் நன்று. கடதாசி வெட்டும் இரண்டு நாளும் பிள்ளைக்கு விழாநாளே.

பரிமாறும் கலங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாத்திக்குத் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல், பிளாத்திக்குப் பூமாலை முதலியன 2023 ஒக்டோபர் 1 முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. கடைக்காரர் மாற்றாக விற்கும் கடதாசித் தட்டை வாங்குமுன் கொல்லையை ஒருதரம் பார்த்துக்கொள்ளலாம். வாழையிலைத் துண்டு இருக்கின்றது. பனையோலையில் தட்டுவமும் பிளாவும் கோலத் தெரிந்த பாட்டனார் இன்னும் பல ஊர்களில் இருக்கின்றார். கூழ் குடிக்கும் பிளாவிலே தேசிக்காய்த் தண்ணீர் குடித்த பிள்ளை அதனைத் தன் வீட்டுக்கும் எடுத்துச் செல்ல விரும்பும்.

விளையாட்டுக்குச் செலவேயில்லை, ஆயினும் முன்னேற்பாடு வேண்டும். ஏற்பாடில்லாத அரைமணி நேரத்தில் எட்டுப் பிள்ளைகள் ஒரு வீட்டைத் தலைகீழாக்கிவிடுவர். கிளித்தட்டு இவ்வயதுக்குக் கடினம். புத்தாண்டு விழாக்களில் ஆடும் முட்டி உடைத்தல், கண்ணைக் கட்டிக் கையிற் கோல் கொடுப்பதாதலின், இவர்களுக்கு ஆகாது. யானைக்குக் கண் வைத்தல் மிகப் பொருத்தமானது. ஒரு பலகையும் வெண்கட்டியும் இருந்தால் முடிந்தது. சங்கீதக் கதிரையை எல்லோரும் ஆடுவிக்கின்றனர். தோற்றவர் வெளியேற வேண்டுமென்ற விதியால் முதலில் வெளியேறும் பிள்ளை மூலையில் நின்று விசும்புவதையும் எல்லோரும் கண்டிருக்கின்றனர். கதிரையை மட்டும் ஒவ்வொன்றாகக் குறைத்து, பிள்ளைகள் எவரையும் வெளியேற்றாமல், எஞ்சிய கதிரைகளில் ஒருவர் மடியில் ஒருவராக இருந்துகொள்ளச் சொன்னால், கடைசி ஒரு கதிரையில் எட்டுப் பேரும் ஏற முயல்வதைக் காணும் பெரியோருக்கும் சிரிப்பை அடக்க முடியாது. ஆடிக் களைத்தபின் அம்மம்மா ஒரு கதை சொல்ல, வட்டமாக இருந்து கேட்பர். கேக்கு வெட்டுதலை அதன்பின் வைத்துக்கொண்டால், உண்டு முடித்ததும் வீடு திரும்பும் வேளை வந்துவிடும்.

இனி, அன்பளிப்பு. பிறந்தநாள் அழைப்புக் கிடைத்தும் வராத பிள்ளை எந்த முன்பள்ளியிலும் ஒன்றிரண்டு உண்டு. மறுநாள் கேட்டால், காய்ச்சல் என்று சொல்லும். உண்மைக் காரணம் பெரும்பாலும் தாயின் கையிற் பரிசு வாங்கக் காசில்லாமையே. வெறுங்கையோடு அனுப்பத் தாய்க்கு வெட்கம். அதைச் சொல்லப் பிள்ளைக்கு வெட்கம். பரிசுகளை எல்லோர் முன்னும் பிரித்துக் காட்டும் வழக்கம் இவ்வெட்கத்தை இரட்டிப்பாக்குகின்றது. விழா நடத்தும் வீட்டார் நினைத்தால் இதனை ஒரு சொல்லில் தீர்க்கலாம். அழைக்கும்போதே, “பரிசு ஒன்றும் வேண்டாம், பிள்ளையை மட்டும் அனுப்புங்கோ” என்று தாயிடம் நேரிற் சொல்லுதல் வேண்டும். எல்லாத் தாய்மாரிடமும் ஒரேவிதமாகச் சொல்லுதல் வேண்டும். ஒருவரிடம் மட்டும் தாழ்ந்த குரலிற் சொன்னால் அது வேறு பொருள்படும். அதையும் மீறிப் பொதி கொண்டுவருவோர் இருப்பர். அவற்றை வாங்கி உள்ளறையில் வைத்து, எல்லோரும் போனபின் பிரித்தல் முறை.

வந்த பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்கும் பைகளும் இக்காலத்தில் ஒரு கடமையாகிவிட்டன. பையிலுள்ள விளையாட்டுப் பொருள் மறுநாள் காலைக்குள் உடைந்துபோகும். அதற்குப் பதிலாக ஓலைக் காற்றாடி ஒன்றோ, தயிர்ச் சட்டியில் முளைத்த பயற்றங்கன்று ஒன்றோ கொடுத்தால் பிள்ளைகள் ஓடிக்கொண்டே போவர்.

எல்லாம் முடிந்தபின் தட்டில் நாலைந்து மோதகமும் இரண்டு துண்டு கேக்கும் மிஞ்சியிருக்கும். வராத பிள்ளையின் வீடு அயலில் இருக்குமாயின், அன்றே இருட்டுமுன் பிறந்தநாட் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தாய் அங்கே போய்வரலாம். படலையில் நின்று, பிள்ளையின் கையாலேயே அதைக் கொடுக்கச் செய்து, இரு பிள்ளைகளும் சிறிது நேரம் முற்றத்தில் விளையாடுமட்டும் அந்தத் தாயோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பலாம்.