கழுத்துப்பட்டை சொன்ன கணக்கு

பனிச்சிறுத்தை என்றதும் வெண்பனி மூடிய சிகரம்தான் நம் கண்முன் வரும். மங்கோலியாவின் தெற்கே, கோபி பாலைவனத்தில் இருக்கும் டோஸ்ட் மலைகள் அப்படி இல்லை. மரமே அற்ற, காய்ந்த பாறைகள். அந்தப் பாறையின் நிறத்திலேயே தோலும் இருப்பதால், பக்கத்தில் படுத்திருந்தாலும் சிறுத்தை கண்ணில் படாது. மண்ணில் கால்தடம், பட்டிக்குப் பக்கத்தில் செத்துக்கிடக்கும் ஓர் ஆடு. அது வந்துபோனதற்குப் பெரும்பாலும் இவைதான் சாட்சி. இந்தச் சாட்சியை மட்டும் வைத்துப் பார்த்தால், அது ஆட்டுத் திருடன்தானே?

இந்த மலைகளில் 2008-ல் ‘ஸ்நோ லெப்பர்ட் டிரஸ்ட்’ அமைப்பும் அதன் கூட்டாளிகளும் நீண்டகால ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். சிறுத்தைகளைப் பிடித்து ஜி.பி.எஸ். பட்டை மாட்டும் வேலையை முன்னின்று செய்தவர் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஓர்யான் யோஹான்சன்.

எல்லையைக் குறிக்க சிறுத்தைகள் மண்ணைப் பிறாண்டி, சிறுநீர் தெளித்துவிட்டுப் போகும் பாறைகள் உண்டு. அவற்றின் அடியில், கால் பதியும் இடமாகப் பார்த்துக் கண்ணி வைக்கிறார்கள். சிறுத்தை சிக்கியதும் கண்ணியிலுள்ள டிரான்ஸ்மிட்டர் முகாமுக்குத் தகவல் அனுப்பும். நடுங்கும் குளிரில், நள்ளிரவானாலும் உடனே ஓட வேண்டும். தாமதித்தால் விலங்கு காயப்பட்டுவிடும். மயக்க ஊசி போட்டு, எடை பார்த்து, பட்டையை மாட்டி, அது எழுந்து நடக்கும்வரை காத்திருப்பார்கள். ஒரு நாளைக்குச் சில முறை இருப்பிடத்தைப் பதிவுசெய்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும் அந்தப் பட்டை, காலம் முடிந்ததும் தானாகக் கழன்று விழும்.

அப்புறம் துப்பறியும் வேலை. வரைபடத்தில் புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்தால், அங்கே சிறுத்தை தங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒன்று உறக்கம், இல்லையென்றால் விருந்து. ஆய்வாளர்கள் மலையேறிப் போய் எலும்பையும் ரோமத்தையும் தேடினார்கள். 19 சிறுத்தைகள் அடித்த 249 இரைகள் இப்படிக் கிடைத்தன. அவற்றில் 73 சதவிகிதம் ஐபெக்ஸ், ஆர்கலி எனும் காட்டு ஆடுகள். வளர்ப்பு விலங்குகள் 27 சதவிகிதம்தான். அந்த வட்டாரத்தில் காட்டு ஆடுகளைப்போலப் பத்து மடங்குக்கும் மேலாக மந்தை விலங்குகள் மேய்ந்துகொண்டிருந்தும் இதுதான் கணக்கு!

அதற்காக மேய்ப்பர்களின் கோபம் பொய்யாகிவிடாது. காஷ்மீர் கம்பளிக்காக வளர்க்கும் ஆடுதான் அவர்களின் வருமானம். இழந்தவருக்கு சதவிகிதக் கணக்கு ஆறுதல் தராது. அதனால்தான் மேய்ப்பர்களே பணம் போட்டு நடத்தும் கால்நடைக் காப்பீடு, சிறுத்தை தாண்ட முடியாத பட்டிகள் என ஆய்வோடு சேர்ந்தே இந்த வேலைகளும் நடக்கின்றன.

2012-ல் இரண்டு தாய்ச் சிறுத்தைகளின் புள்ளிகள் ஒரே இடத்தைச் சுற்றி வந்தன. தாய் இரை தேடப் போன நேரத்தில் உள்ளே போய்ப் பார்த்தால், குகைகளில் குட்டிகள்! மங்கோலியாவில் காட்டுப் பனிச்சிறுத்தைக் குட்டிகள் குகையிலேயே படமெடுக்கப்பட்டது அதுவே முதல்முறை.

எல்லாவற்றிலும் பெரிய அதிர்ச்சி பரப்பளவில் இருந்தது. 2016-ல் வெளியான ஆய்வின்படி ஓர் ஆண் சிறுத்தைக்குச் சராசரியாக 207 சதுர கிலோமீட்டர் தேவை, பெண்ணுக்கு 124. பழைய ரேடியோ பட்டைகளை வைத்துப் போட்ட கணக்குகளைவிட இது பல மடங்கு. பனிச்சிறுத்தை வாழும் நாடுகளின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 40 சதவிகிதம், ஒரேயோர் ஆண் சிறுத்தைக்குக்கூடப் போதாத அளவு சிறியவை. வேலிபோட்டுக் காப்பாற்றும் விலங்கல்ல இது. மேய்ப்பர்களின் நிலத்தில் அவர்களோடுதான் வாழ்ந்தாக வேண்டும்.

டோஸ்ட் மலைகள்மீது சுரங்க நிறுவனங்களுக்கும் ஒரு கண். உரிமங்களை எதிர்த்து ஊர்மக்களும் ஆர்வலர்களும் வருடக்கணக்கில் போராடினார்கள். 2016-ல் மங்கோலிய நாடாளுமன்றம் டோஸ்ட்டை இயற்கைக் காப்பகமாக அறிவித்தது. மேய்ப்பர்களை யாரும் வெளியேற்றவில்லை. அவர்களின் ஆடுகள் இன்றும் அதே மலைகளில்தான் மேய்கின்றன.