செம்பனைக் கன்றின் தரத்தை இலையே கூறும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது முதுமொழி. ஆயினும் செம்பனையைப் பொறுத்தவரை இம்மொழி நெடுங்காலம் பொருந்தாதிருந்தது. நாற்றங்காலில் வரிசையாக நிற்கும் கன்றுகள் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுள் எது நல்ல வகை என்பது, தோட்டத்தில் நட்டு ஏறக்குறைய மூன்றாண்டுகள் கழித்துக் குலை தள்ளிய பின்னரே தெரியவரும்.

செம்பனைப் பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூவகை புலப்படும். கொட்டையின் ஓடு தடித்தும் சதை குறைந்தும் இருப்பது டூரா. ஓடே இல்லாதது பிசிஃபெரா. இதன் குலைகள் பெரும்பாலும் முதிராமலே அழுகிவிடும். மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் உடையது டெனெரா. செம்பனை எண்ணெய் சதையிலிருந்தே பெறப்படுவதால், டூராவைக் காட்டிலும் டெனெரா ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாக எண்ணெய் தருகின்றது. 1917-ஆம் ஆண்டில் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் நம் நாட்டின் முதல் வாணிகச் செம்பனை நடவு தொடங்கியபோது நடப்பெற்றவை டூரா மரங்களே. 1960-ஆம் ஆண்டுகளில்தான் டெனெரா பரவலாயிற்று.

இம்மூன்றும் வெவ்வேறு இனங்கள் அல்ல. ஓட்டின் தடிப்பை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கின்றது என்பதை, பெல்ஜியக் காங்கோவில் பணியாற்றிய பெய்ர்னார்ட், வான்டர்வேயன் எனும் ஆய்வாளர் இருவர் 1941-இல் வெளியிட்டனர். ஒவ்வொரு மரமும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இம்மரபணுவின் இரு படிகளைப் பெறுகின்றது. இரண்டும் தடித்த ஓட்டுக்குரியவையாயின் அது டூரா. இரண்டும் ஓடின்மைக்குரியவையாயின் பிசிஃபெரா. வகைக்கு ஒன்றாக அமையின் டெனெரா. ஆகவே, டூராவைத் தாயாகவும் பிசிஃபெராவைத் தந்தையாகவும் கொண்டு பிறப்பவை யாவும் டெனெராவே ஆகும்.

இவ்வுண்மையை அறியாமையால் சிறுதோட்டக்காரர் சிலர் இழப்புக்கு ஆளாகின்றனர். நன்கு காய்க்கும் டெனெரா மரத்தடியில் உதிரிப் பழத்திலிருந்து முளைத்த கன்றும் தாயைப் போலவே காய்க்கும் என எண்ணி, செலவின்றிக் கிடைத்ததென நட்டுவிடுகின்றனர். டெனெராவும் டெனெராவும் கலந்து உண்டான 100 கன்றுகளில், சராசரியாக 50 மட்டுமே டெனெராவாக அமையும். 25 டூராவாகவும் 25 பிசிஃபெராவாகவும் போய்விடும். உரமும் உழைப்பும் எல்லாவற்றிற்கும் ஒன்றே. ஒரு மரம் ஏறக்குறைய 25 ஆண்டுகள் நிலத்தில் நிற்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், இலவசக் கன்றின் உண்மையான விலை விளங்கும்.

2013-ஆம் ஆண்டில் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் அறிஞர்கள், அமெரிக்க ஆய்வாளர்களுடன் இணைந்து, இம்மரபணு எதுவென அடையாளங்கண்டனர். அதன் பயனாக, இளங்கன்றின் இலைத்துணுக்கைச் சோதனைச்சாலையில் ஆராய்ந்து, நடுவதற்கு முன்னரே அதன் வகையைக் கூற முடிகின்றது. இச்சோதனையால் செடிக்குள் புதிதாக எதுவும் புகுத்தப்படுவதில்லை. அதனுள் இயற்கையாக அமைந்திருப்பது படித்தறியப்படுகின்றது, அவ்வளவே.

மறுநடவு செய்யவிருப்போர் வாரியத்தின் உரிமம் பெற்ற நாற்றங்காலிலேயே கன்று வாங்குதல் வேண்டும். விற்பனைச் சீட்டைக் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துதல் நன்று. மரத்தடியில் தானாக முளைத்த கன்றுகளைக் களையெனக் கருதி அகற்றிவிடுக.