புண்ணாக்கில் தங்கும் எண்ணெய்

காப்பி வடிகட்டியின் மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டுக் கொதிநீர் ஊற்றி மூடி வைக்கிறோம். சற்று நேரத்தில், “டிகாக்ஷன் இறங்கிவிட்டதா?” என்று கூடத்திலிருந்து குரல் வரும். இந்த ‘இறங்குதல்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். ஒரு திண்மத்துக்குள் ஒளிந்திருக்கும் பொருளைத் தகுந்த நீர்மத்தில் கரைத்து வெளியே கொண்டுவரும் முறையை வேதிப் பொறியியலார் லீச்சிங் என்பர். தமிழில் அதனைக் கரைத்திறக்கல் என்று சொன்னால் என்ன?

டிகாக்ஷன் முழுவதும் இறங்கிய பின் அந்தச் சக்கையைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கும். அந்த ஈரம் வெறும் தண்ணீர் அன்று, அதுவும் டிகாக்ஷன்தான். அதனால்தான் இரண்டாம் முறையும் வெந்நீர் ஊற்றுகிறோம். கரைத்திறக்கலில் எவ்வளவு எடுத்தோம் என்பதைவிட, எவ்வளவைச் சக்கையில் விட்டுவிட்டோம் என்பதே பெரிய கேள்வி. காப்பியில் இதனால் வரும் நட்டம் சில காசுகள். எண்ணெய் ஆலையில் அப்படியன்று.

நிலக்கடலையை எந்திரச் செக்கிலிட்டு எவ்வளவு அழுத்திப் பிழிந்தாலும், 100 கிலோ புண்ணாக்கில் ஏறத்தாழ 7 கிலோ எண்ணெய் தங்கிவிடுகிறது. மரச்செக்கில் இன்னும் கூடுதலாகவே தங்கும். மேலும் அழுத்தினால் என்ன என்று கேட்பீர்கள். அழுத்த அழுத்த, எண்ணெய் வெளியேறும் நுண் வழிகளும் சேர்ந்து நசுங்கி அடைபடுகின்றன. ஆகவே பிழிவதற்கு ஓர் எல்லை உண்டு. தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நம் நாட்டுக்கு இந்த 7 கிலோ சிறிய தொகை அன்று.

இங்கேதான் ஹெக்சேன் வருகிறது. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் மெல்லிய, நிறமற்ற நீர்மம் இது. எண்ணெய் இதில் எந்த அளவிலும் கரையும். புண்ணாக்கிலுள்ள புரதமும் மாவுப்பொருளும் கரையா. மண்ணெண்ணெயிலும் எண்ணெய் கரையுமே, பின் ஏன் ஹெக்சேன்? கரைத்து எடுத்தால் மட்டும் போதாது. கரைப்பானை மறுபடி விரட்டியாக வேண்டும். ஹெக்சேன் சுமார் 69 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். அதனை ஆவியாக்கத் தேவையான உள்ளுறை வெப்பம், அதே எடைத் தண்ணீருக்கு வேண்டியதில் ஏழில் ஒரு பங்கு அளவே. மண்ணெண்ணெயோ 150 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்கும். அதன் வாடை எண்ணெயைவிட்டு எளிதில் போகாது.

கரைப்பான் கிடைத்துவிட்டது. இனி இருப்பது இயற்பியல். (இயற்பியல் ஆசிரியன் ஒருவன் வேதித் தொழிலைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு இதுவே காரணம்.)

எண்ணெய் இருப்பது துண்டின் உட்புறத்தில். ஹெக்சேன் இருப்பது வெளியே. ஹெக்சேன் உள்ளே ஊறி எண்ணெயைக் கரைக்க வேண்டும். கரைந்த எண்ணெய் நுண்துளைகளின் வழியே வெளிவர வேண்டும். இந்தப் பயணத்தை நடத்துவது விரவல் என்னும் நிகழ்ச்சி. மூலக்கூறுகள் நேராக நடந்து வருவதில்லை. திருவிழாக் கூட்டத்தில் சிக்கியவனைப்போல் முன்னும் பின்னுமாகத் தள்ளாடியே வருகின்றன. அதனால் இரண்டு மடங்கு தொலைவைக் கடக்க நான்கு மடங்கு நேரமும், பத்து மடங்கு தொலைவைக் கடக்க நூறு மடங்கு நேரமும் ஆகும். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டிலிருந்து எண்ணெய் வெளிவர ஆகும் நேரத்தில் நூறில் ஒரு பங்கே 0.3 மில்லிமீட்டர் தகட்டுக்குப் போதும். சோயா மொச்சையை ஆலையில் உருளைகளுக்கு இடையே நசுக்கி, அவல்போல் ஏறக்குறைய இந்த 0.3 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தட்டையாக்குவது இதற்காகவே.

அப்படியானால் மாவாகவே அரைத்துவிடலாமே என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. காப்பிப் பொடி மிக நைசாக அரைபட்டுவிட்ட நாளில் வீட்டில் என்ன நடக்கிறது? டிகாக்ஷன் இறங்காமல் அடைத்துக்கொள்கிறது அல்லவா? துகள்களின் அளவைப் பாதியாக்கினால் விரவலுக்கு ஆகும் நேரம் நாலில் ஒன்றாகக் குறைகிறது. அதே சமயம், படுகையின் ஊடே நீர்மம் ஒழுகுவதற்கான தடை நான்கு மடங்காகிறது. ஒரு கையால் கொடுத்ததை இயற்கை மறு கையால் வாங்கிக்கொள்கிறது. அவல் வடிவம் இதற்கு ஒரு நல்ல சமரசம். மெல்லியதாக இருப்பதால் எண்ணெய் விரைவில் வரும்; அகலமாக இருப்பதால் இடைவெளிகள் அடைபடா.

அரிசித் தவிட்டில் இந்தச் சிக்கலை நேரிலேயே காணலாம். தவிட்டில் 15 முதல் 20 விழுக்காடு வரை எண்ணெய் உண்டு. ஆனால் அது பொடியாயிற்றே; அப்படியே கொட்டி ஹெக்சேனை ஊற்றினால் சேறாகிவிடும். ஆகவே நீராவி காட்டி, அழுத்திச் சிறு குச்சிகளாக உருட்டிய பின்னரே உள்ளே அனுப்புகிறார்கள். அந்த நீராவிக்கு இன்னொரு வேலையும் உண்டு. நெல்லைத் தீட்டித் தவிடு பிரிந்த உடனே, அதிலுள்ள லிப்பேஸ் என்னும் நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலமாக்கத் தொடங்கிவிடும். சூடு அந்த நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. நம் புழுங்கலரிசித் தவிட்டுக்கு இதில் ஒரு நற்பேறு: நெல்லை அவிக்கும்போதே நொதி பெரும்பாலும் அடங்கிவிடுகிறது, எண்ணெயின் விகிதமும் பச்சரிசித் தவிட்டைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இனி, சக்கையில் தங்கும் ஈரத்துக்கு வருவோம். பென்சில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் புண்ணாக்கு ஒரு லிட்டர் ஹெக்சேனை உறிஞ்சி வைத்திருக்கிறது. எண்ணெய் முழுவதும் அதில் கரைந்துவிட்டது என்று கொள்வோம். இதனைக் கழுவ நம்மிடம் 3 லிட்டர் புது ஹெக்சேன் இருக்கிறது.

மூன்றையும் ஒரே முறையில் ஊற்றினால் மொத்தம் 4 லிட்டர் கலவை. 3 லிட்டர் வடிந்துவிடும். ஒரு லிட்டர் சக்கையில் தங்கும். நாலில் ஒரு பங்கு, அதாவது 25 விழுக்காடு எண்ணெய் போயிற்று. ஒவ்வொரு லிட்டராக மூன்று முறை ஊற்றி வடித்தால் ஒவ்வொரு முறையும் பாதி குறையும். கடைசியில் தங்குவது எட்டில் ஒரு பங்கு, 12.5 விழுக்காடு. இரண்டாம் டிகாக்ஷனின் தத்துவம் இதுதான்.

மூன்றாவது வழி ஒன்றுண்டு. மூன்று தொட்டிகளை வரிசையாக வையுங்கள். புண்ணாக்கு முதல் தொட்டியிலிருந்து மூன்றாவதற்குப் போகட்டும். ஹெக்சேன் மூன்றாவதிலிருந்து முதலாவதற்கு வரட்டும். புது ஹெக்சேன் சந்திப்பது ஏற்கெனவே இருமுறை கழுவப்பட்ட புண்ணாக்கை. எண்ணெய் ஏறிய ஹெக்சேன் சந்திப்பது புதிதாக வந்த புண்ணாக்கை. எதிரோட்டம் என்பது இதுதான். கணக்கைப் பின்னாலிருந்து போடுவோம். மூன்றாம் தொட்டியைவிட்டு வெளியேறும் சக்கையில் 1 பங்கு எண்ணெய் என்றால், அங்கிருந்து ஓடும் 3 லிட்டரில் 3 பங்கு இருக்கும். ஆக, உள்ளே வந்தது 4. இரண்டாம் தொட்டியில் சக்கை 4 பங்கையும் ஹெக்சேன் 12 பங்கையும் கொண்டுசெல்கின்றன. இந்த 16-இல் ஹெக்சேன் கொண்டுவந்தது 3. மீதி 13-உம் புண்ணாக்கோடு வந்தது. முதல் தொட்டியில் 13-உம் 39-உம் சேர்ந்து 52. அதில் 12 போக 40. நாற்பதில் ஒன்றுதான் நட்டம், 2.5 விழுக்காடு! அதே 3 லிட்டர் ஹெக்சேன்தான். ஒரு சொட்டும் கூட்டவில்லை. மாற்றியது வரிசையை மட்டும். தொட்டிகளைக் கூட்டிக்கொண்டே போனால் நட்டம் மேலும் சுருங்கும்.

ஐரோப்பாவில் பீட்ரூட் சர்க்கரை ஆலைகள் இந்த உத்தியை முன்பே கண்டிருந்தன. மொராவியாவில் ஜூலியஸ் ராபர்ட் என்பவர் 1864-ஐ ஒட்டி, சீவிய கிழங்கு நிறைந்த கலங்களை வரிசையாக இணைத்து வெந்நீரை எதிர்த்திசையில் செலுத்திக் காட்டினார். எண்ணெய்க்கு இதனைத் தொடர் எந்திரமாக்கியவர்களுள் ஜெர்மனியின் பொல்மன் ஒருவர். அவர் பெயரில் வழங்கும் எந்திரம், மூடிய கோபுரத்துக்குள் சுற்றும் ஏற்றச் சால்களைப் போன்றது. அடியில் துளையிட்ட கூடைகள் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறுகின்றன. ஏறும் பக்கத்தின் உச்சியில் புது ஹெக்சேன் பொழிகிறது; அது கூடை கூடையாகக் கீழே ஒழுகி, ஏறிவரும் அவலை எதிர்கொள்கிறது. அடியில் சேரும் அந்தப் பாதிச் சாற்றை மேலேற்றி, இறங்கும் பக்கத்தில் புது அவல்மீது பொழிவார்கள். இன்றைய எந்திரங்களின் உருவம் வேறு; எதிரோட்டம் அதேதான். புண்ணாக்கில் தங்கும் எண்ணெய் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது.

இதனை எப்படி அளக்கிறார்கள்? உங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் சாக்ஸ்லெட் என்றொரு கண்ணாடிக் கருவியைப் பார்த்திருப்பீர்கள். பாலிலுள்ள கொழுப்பை ஆராய 1879-இல் சாக்ஸ்லெட் என்னும் ஜெர்மானிய அறிஞர் அமைத்தது. கொதிக்கும் கரைப்பான் ஆவியாகி, குளிர்ந்து, தூய சொட்டுகளாக மாதிரியின்மீது விழும். நிரம்பியதும் வடிகுழாய் வழியே கீழே இறங்கிவிடும். ஒரே கிண்ணம் கரைப்பானைக் கொண்டு பல முறை புதிதாகக் கழுவுகிறோம். ஆலையின் சக்கையில் எஞ்சிய எண்ணெய் இதனிடம் தப்பாது.

சென்ற ஆண்டு என் மாணவர்களுடன் இத்தகைய ஆலை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். வாயிலிலேயே தீப்பெட்டியையும் கைப்பேசிகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு மாணவன் முணுமுணுத்தான். ஹெக்சேனின் மூலக்கூறு எடை 86, காற்றுக்கோ சராசரியாக 29 என்று அவனுக்கு நினைவூட்டினேன். கசியும் ஆவி மேலே பறந்துவிடாது. காற்றைவிட மூன்று மடங்கு கனமானதால் தரையோடு தவழ்ந்து பள்ளங்களில் தேங்கும். தொலைவிலுள்ள ஒரு பொறியும் அதனைப் பற்றவைக்கும். நெடுநாள் சுவாசித்தால் கைகால்களின் நரம்புகளையும் கெடுக்கும்.

எனவே, எண்ணெய் நீங்கிய புண்ணாக்கு ஹெக்சேன் ஈரத்தோடு ஆலையைவிட்டு வெளியேறக் கூடாது. அதன் ஊடே நீராவியைச் செலுத்தி வறுத்து, ஹெக்சேனை ஆவியாக விரட்டிக் குளிர்வித்துத் திரும்பப் பிடிக்கிறார்கள். அந்த இடத்தில் நின்றபோதுதான் முணுமுணுத்த மாணவன் வாய் திறந்தான். “சார், இங்கேயும் சக்கையில் தங்கியதுதானே தொல்லை?” அவன் சொன்னது சரி. எவ்வளவு விரட்டினாலும் ஒவ்வொரு டன் சரக்குக்கும் கொஞ்சம் ஹெக்சேன் போயே தீரும். அதற்கென்று ஆலை அலுவலகத்தில் தனியாக ஒரு கணக்குப் புத்தகமே வைத்திருந்தார்கள்.