நிலத்துக்கு இடும் சுண்ணாம்பு

வெற்றிலையோடு தின்பதும், சுவருக்குப் பூசுவதும், நிலத்துக்கு இடுவதும் சுண்ணாம்பு என்ற ஒரே பெயரால் வழங்கப்படுகின்றன. ஆயினும் இப்பெயரால் விற்கப்படும் பொருள்கள் யாவும் ஒன்றல்ல. வேறுபாட்டை அறியாது இடுபவர் பணத்தை இழப்பர். சில வேளைகளில் பயிரையும் இழப்பர்.

மூவகைச் சுண்ணாம்பு

சுண்ணாம்புக் கல், முருகைக்கல், சிப்பி ஆகியவை பெரும்பாலும் கல்சியங் காபனேற்று என்னும் பொருளால் ஆனவை. இது நீரில் கரைவது மிகமிகச் சிறிதளவே. அமிலத்தில் நுரைத்துக் கரையும்.

இதனைச் சூளையில் ஏறத்தாழ 900 பாகை சதம வெப்பத்திற் சுடும்போது காபனீரொட்சைட்டு வாயு வெளியேறும். தூய கல் 100 கிலோவிலிருந்து 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதன்மேல் நீர் தெளித்தால் சீறிக் கொதித்து, பருத்து, மாவாக உதிரும். இதுவே நீற்றிய சுண்ணாம்பு. நிறை 74 கிலோவாகும். ஒரு லீற்றர் நீரில் இது 2 கிராமுக்கும் குறைவாகவே கரையும். எனினும் அந்நீர் கடுங்காரமானது. திறந்து வைத்த நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மீண்டும் காபனேற்றாக மாறும். சுவரிற் பூசிய சுண்ணாம்பு இறுகுவதும் இதனாலேயே.

எனவே சுட்ட சுண்ணாம்பு 56 கிலோ, நீற்றியது 74 கிலோ, அரைத்த சுண்ணாம்புக் கல் 100 கிலோ ஆகிய மூன்றும் நிலத்தின் புளிப்பைப் போக்குவதில் சமமானவை. விலையை இக்கணக்கின்படி ஒப்பிடுக. மகனீசியமும் கலந்த தொலமைற்றுத் தூள் தூயதாயின், 100 கிலோ ஏறத்தாழ 109 கிலோ சுண்ணாம்புக் கல்லுக்கு ஈடாகும். எந்தக் கல்லாயினும் நன்றாக மாவாக்கப்பட்டதே விரைவிற் பயன் தரும்.

எந்நிலத்துக்கு வேண்டும்?

நுவரெலியா, வெலிமடை போன்ற மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் மழைநீர் கல்சியத்தைக் கழுவிச் செல்கின்றது. பசளையும் புளிப்பைக் கூட்டுகின்றது. அமோனியஞ் சல்பேற்று 100 கிலோ உண்டாக்கும் புளிப்பைப் போக்க ஏறத்தாழ 110 கிலோ சுண்ணாம்புக் கல் வேண்டும். மண்ணின் பீ.எச். பெறுமானம் 5.5 இற்குக் கீழே இறங்கும்போது அலுமினியம் கரைந்து வேர்களைக் கருக்கும். பொசுபரசுச் சத்தும் மண்ணிற் பிணைபட்டுவிடும். கோவா முதலிய பெரும்பாலான மரக்கறிகளுக்கு 6.0 முதல் 6.5 வரை நன்று. உருளைக்கிழங்குக்கு மட்டும் அளவு மிஞ்சலாகாது. மிஞ்சினால் கிழங்கின் தோலிற் சொறிநோய் பெருகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமோ சுண்ணாம்புக் கல்லின் மேலேயே அமைந்தது. கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்திற் படியும் வெள்ளைப் படிவே இதற்குச் சான்று. அங்கே மேலும் சுண்ணாம்பு இடுவது வீண். இரும்பு, நாகம் ஆகிய சத்துக்கள் பயிருக்குக் கிட்டாமற் போகவும் கூடும்.

நெல்வயலில் நீர் தேங்கிய சில வாரங்களுள் மண்ணின் புளிப்புத் தானாகவே தணியும். ஆகையால் மரக்கறிக்கு வேண்டிய அளவு நெல்லுக்கு வேண்டியதில்லை. இரும்பு மிகுந்து இலைகள் செம்பழுப்பு நிறமாகும் ஈரவலய வயல்களில், முதலில் வடிகாலைச் சீர்செய்க.

இடும் முறை

1. மண்ணைப் பரிசோதித்து, விதந்துரைக்கப்படும் அளவையே இடுக. மணல் நிலத்துக்குக் குறைவாகவும் களிநிலத்துக்குக் கூடுதலாகவும் வேண்டும்.

2. நடுகைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னர் தூவி, மண்ணோடு கொத்திக் கலக்குக.

3. சுட்ட சுண்ணாம்பையோ நீற்றிய சுண்ணாம்பையோ அமோனியஞ் சல்பேற்றுடன் ஒருபோதும் கலவாதீர். அப்பொழுது எழும் காரநெடி, நீங்கள் பணங் கொடுத்து வாங்கிய நைதரசன் காற்றோடு போவதன் அடையாளம்.

4. வாங்கிய தூளிற் சிறிது எடுத்துத் தேசிக்காய்ச் சாறு விடுக. காபனேற்றாயின் நுரைக்கும், புதிதாக நீற்றியது நுரையாது, தொலமைற்று மெல்லவே நுரைக்கும்.

5. சுட்ட சுண்ணாம்பு கண்ணைக் கெடுக்கும். காற்றடிக்கும் வேளையில் தூவற்க. கண்ணில் விழுந்தால் நல்ல நீரால் நெடுநேரம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க. பிள்ளைகளை அண்டவிடாதீர்.

சுண்ணாம்பு பசளைக்குப் பதிலன்று. இட்ட பசளையைப் பயிர் ஏற்கும்படி நிலத்தைப் பண்படுத்துவதே அதன் தொழில். அடுத்த போகத்துக்கு மூடை வாங்குமுன், உங்கள் தோட்டத்து மண்ணிற் சிறிதளவை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்துப் பரிசோதிப்பித்துக்கொள்ளுங்கள்.